நம்பர் மாறாட்டம்

ஆள் மாறாட்டம் கேள்விப்பட்டிருக்கிறோம். பத்திர மாறாட்டம், குழந்தை மாறாட்டம் எல்லாம் கதைகளில் தாராளமாக வரும். நானே இரண்டு நாவல்களில் உபயோகித்திருக்கிறேன். ஆனால் நூறு டன் எடையுள்ள ஒரு ரயில் என்ஜின் இன்னொரு என்ஜினின் பெயரைச் சொல்லிக்கொண்டு கடல் கடந்து போய், லட்சக்கணக்கான ஜனங்களின் கைதட்டலை வாங்கிக்கொண்டு திரும்பியது என்று ஒரு கதாசிரியன் எழுதினால், பத்திரிகை ஆசிரியர் கதையைத் திருப்பி அனுப்பி விடுவார். சரித்திரத்துக்கு அந்தப் பயம் கிடையாது. இங்கிலாந்து என்ஜின்களில் இப்படிப்பட்ட பெயர் மாறாட்டம் ஒரு தடவை அல்ல, மூன்று தடவை நடந்திருக்கிறது; அவற்றில் இரண்டு கடல் கடந்தவை.

இந்தச் சங்கதிகளை நான் தெரிந்துகொண்டது பெரிய சரித்திரப் பேராசிரியர்களிடமிருந்தல்ல. பொம்மை ரயில் வைத்துக்கொண்டிருக்கும் மனிதர்களிடமிருந்து. 'பொம்மை' என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். 'மாதிரி ரயில்' என்று சொல்ல வேண்டும். நிஜ என்ஜினில் ஒரு அடி என்றால் இதில் 4 மில்லிமீட்டர். அதாவது 76-ல் ஒரு பங்கு. உள்ளங்கையில் அடங்கிவிடாது, ஆனால் ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும். அதற்குள் கொதிகலன், சக்கரங்கள், இணைப்புத் தண்டுகள், பிரேக் கட்டைகள், டிரைவர் பிடித்துக்கொண்டு ஏறும் கைப்பிடி வரை எல்லாம் இருக்கும். இங்கிலாந்தில் பென்ஷன் வாங்கும் வயசுக்காரர்கள்தாம் இதில் அதிகம். மாடியறையிலோ கார் நிறுத்துகிற கொட்டகையிலோ தண்டவாளம் பதித்து, ஒரு முழு ஸ்டேஷனையே கட்டி எழுப்பியிருப்பார்கள்.

இவர்கள் கடையிலிருந்து ஒரு புது என்ஜினை வாங்கி வந்தால் முதலில் செய்கிற காரியம் என்ன தெரியுமா? ஓட்டிப் பார்ப்பதல்ல. கம்பெனிக்காரன் அச்சிட்டு அனுப்பிய நம்பரை அழிப்பது!

பைத்தியக்காரத்தனம் போலத் தோன்றும். காரணத்தைக் கேட்டால் அப்படித் தோன்றாது. 'பிளாக் ஃபைவ்' என்று பெயர் பெற்ற ஒரு வகை என்ஜின் இருந்தது. 1934 முதல் 1951 வரை மொத்தம் 842 கட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். பொம்மைக் கம்பெனியோ அவற்றில் ஏதோ இரண்டு மூன்று நம்பரைப் பொறுக்கி எடுத்து ஆயிரக்கணக்கான பெட்டிகளில் போட்டு விற்றுவிடுகிறது. உங்களிடம் அந்த ஜாதியில் நாலு என்ஜின் இருந்தால் நாலும் ஒரே நம்பர். ஒரு வீட்டில் நாலு பிள்ளைகளுக்கும் ராமசாமி என்றே பெயர் வைத்த மாதிரி! தவிர, நம் மனிதருடைய ஸ்டேஷன் யார்க்ஷயரில் இருக்கிறது. கம்பெனிக்காரன் அச்சிட்ட என்ஜின் ஆயுள் முழுவதும் ஸ்காட்லாந்தை விட்டு வெளியே வராதது. எப்படி ஒத்துக்கொள்வார்?

அழிப்பது சுலபமான வேலையல்ல. நிஜ என்ஜினில் டிரைவர் நிற்கும் கூண்டின் பக்கவாட்டில் எழுதும் எண் பெரும்பாலும் 8 அங்குல உயரம். மாதிரியில் அது 2.7 மில்லிமீட்டருக்கு மேல் வராது. அரிசி மணியின் நீளம்கூட இல்லை. இப்போதெல்லாம் அந்த எண்ணை அச்சிடுவது ஒரு சிலிக்கோன் ரப்பர் திண்டு. செதுக்கிய தகட்டிலிருந்து மையை ஒற்றி எடுத்து என்ஜின்மேல் ஒற்றிவிடுகிறது. மை மிக மெல்லிய படலம். அதன் அடியில் உடம்பின் வர்ணம். அதற்கும் அடியில் பிளாஸ்டிக். மேலே இருப்பது போக வேண்டும்; நடுவில் இருப்பது நிற்க வேண்டும்; அடியில் இருப்பது உருகக் கூடாது. சூட்சுமம் முழுவதும் இதுதான்.

ஆளுக்கொரு முறை வைத்திருக்கிறார்கள். எனாமல் பெயின்டைக் கரைக்கும் தின்னரில் பஞ்சுக் குச்சியை நனைத்து, துடைத்து, ஏறக்குறைய காய்ந்த நிலையில் அந்த எண்ணின்மேல் மட்டும் தடவுகிறவர்கள் ஒரு கட்சி. இரண்டு நிமிஷம் ஊறவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியின் நுனியை உளி மாதிரி சீவி, மையை மட்டும் மெல்லத் தள்ளி எடுப்பார்கள். கார்களின் வர்ணத்தைப் பளபளப்பாக்கும் டி-கட் என்ற திரவத்தால் தேய்ப்பவர்கள் இன்னொரு கட்சி. அது கரைப்பதைவிடத் தேய்த்தே எடுக்கும். மூன்றாவது கட்சி, புது எண்ணை ஒட்டும்போது அதை மென்மையாக்கப் பயன்படும் திரவத்தையே பழைய எண்ணின்மேல் ஊற்றிவைத்து, ஒட்டுத்தாளை அழுத்தி உரித்துவிடும். கண்ணாடி இழைப் பென்சில், மிகமிக மெல்லிய ஈரச் சொரப்புக் காகிதம், வெறும் நகம் என்று இன்னும் எத்தனையோ உபகட்சிகள். எல்லாக் கட்சியும் ஒப்புக்கொள்ளும் விதி ஒன்றே: எதையும் முதலில் என்ஜினின் அடிவயிற்றில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பரீட்சை செய்து பார்க்க வேண்டும். பெண்கள் நகப்பூச்சை எடுக்க உபயோகிக்கும் அசிடோனைக் கொண்டுவந்தால் எண் போகும், வர்ணம் போகும், கூண்டும் குழைந்து போகும்! கல்லூரியில் இரண்டு வருஷம் நான் படித்த ரசாயனம் இதை விளங்கிக்கொள்ளத்தான் உதவியது என்று நினைக்கிறேன். வேறு எதற்கும் உதவியதாக ஞாபகம் இல்லை.

எண் போய்விட்டால் வேலை முடிந்துவிடுமா? இல்லை. அங்கே ஆவி நிற்கும். மங்கலாக இருந்த வர்ணம் தேய்த்த இடத்தில் மட்டும் பளபளவென்று மின்னும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பழைய எண்ணின் வடிவமே தெரிவதும் உண்டு. ஆகையால் அந்தப் பகுதி முழுவதும் பளபளக்கும் வார்னிஷ் பூசி, அது காய்ந்த பின் தண்ணீரில் ஊறவைத்த புது எண்ணை வழுக்கி இறக்கி, நேர் பார்த்து, ஈரத்தை ஒற்றியெடுத்து, மறுபடி மங்கல் வார்னிஷ் பூசி எல்லாவற்றையும் ஒரே தோற்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். கெட்டிக்காரர்கள் ஐந்து இலக்கத்தையும் அழிப்பதில்லை. கடைசி ஒன்றையோ இரண்டையோ மட்டும் மாற்றினால் போதுமான எண்ணாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள்.

ஆனால் இந்தத் தேர்ந்தெடுப்பில்தான் சரித்திரம் உள்ளே நுழைகிறது. இஷ்டத்துக்கு ஒரு எண்ணை எழுதிவிட முடியாது. ஏனென்றால் நிஜ ரயில்வேயே எண்ணை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தது.

1923 ஜனவரி முதல் தேதி பிரிட்டனில் நூற்றுக்கு மேற்பட்ட ரயில் கம்பெனிகளை நாலு பெரிய கம்பெனிகளாகக் கட்டிப்போட்டார்கள். அதற்கு மறு மாதம் டான்காஸ்டர் பட்டறையிலிருந்து ஒரு என்ஜின் வெளியே வந்தது. பழைய கம்பெனியின் வரிசைப்படி அதற்கு எண் 1472. புதுக் கம்பெனி அந்த வரிசை முழுவதற்கும் 3000 கூட்டிற்று, 4472 ஆயிற்று. 1924-ல் லண்டன் வெம்ப்ளியில் நடந்த பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் பொருட்காட்சிக்கு அனுப்பும்போது 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' என்று பெயரும் சூட்டினார்கள். உலகத்தில் ஒரே ஒரு ரயில் என்ஜின் பெயரைச் சொல்லு என்று யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். 1934 நவம்பர் 30-ந் தேதி மணிக்கு 100 மைல் வேகம் என்று சந்தேகமறப் பதிவு செய்துகொண்ட முதல் நீராவி என்ஜினும் இதுவே.

1946-ல் அந்தக் கம்பெனியில் எட்வர்ட் தாம்ஸன் என்ற தலைமை என்ஜினியர் ஆட்சி. நாலா பக்கமும் சிதறிக் கிடந்த எண்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று அவருக்குத் தீவிரம். ஜனவரியில் 4472-ஐ 502 ஆக்கினார்கள். திட்டத்தையே மறுபடி திருத்தினார்கள். மே மாதம் 502 போய் 103 வந்தது. 1948-ல் ரயில்வேக்களைத் தேசியமயமாக்கியபோது 60000 கூட்டினார்கள், 60103. இருபத்தைந்து வருஷத்தில் ஐந்து எண்! நம் பத்திரிகை உலகில் ஒரே இதழில் மூன்று புனைபெயரில் எழுதிப் பக்கத்தை நிரப்பிய மகானுபாவர்கள் உண்டு. அவர்கள்கூட இந்த என்ஜினிடம் தோற்றார்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 1947 ஜனவரியில் இந்த என்ஜினைப் பட்டறையில் போட்டு, அதிக அழுத்தம் தாங்கும் கொதிகலன் வைத்து, வேறு ரகமாக்கிவிட்டார்கள். 1958-ஐ ஒட்டி இரட்டைப் புகைபோக்கி வந்தது. 1961-ல் முகத்தின் இருபுறமும் புகையை மேலே தள்ளும் தகடுகள் வந்தன. ஆகவே 4472 என்று போட்ட என்ஜினுக்கு ஒற்றைப் புகைபோக்கிதான் இருக்க வேண்டும், தகடு இருக்கவே கூடாது. கடைக்காரன் விற்கும் மாதிரியின் எண்ணை அழித்து 4472 என்று எழுதுகிறவர் இதைக் கவனிக்காவிட்டால், காந்தி குல்லாய் வைத்த ராஜராஜ சோழன் படத்தை வரைந்தவர் ஆவார்.

நிஜ என்ஜினை வைத்திருந்தவர்களே அந்தப் படத்தை வரைந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. 1963-ல் என்ஜினுக்கு ஓய்வு கொடுத்தார்கள். ஆலன் பெக்லர் என்பவர் 3,000 பவுன் கொடுத்து வாங்கி, இளம் பச்சை வர்ணம் பூசி, 4472 என்ற இளமைக் காலத்து எண்ணைத் திருப்பி எழுதினார். அது அமெரிக்கா போயிற்று. அங்கே கடனில் மாட்டிக்கொண்டு மீண்டது. பிறகு ஆஸ்திரேலியாவும் போயிற்று. கடைசியில் 2004-ல் யார்க் நகரத்துத் தேசிய ரயில்வே மியூசியம் 23 லட்சம் பவுனுக்கு வாங்கிற்று. பல வருஷம் பழுது பார்த்து 2016-ல் ஓடவிட்டபோது அதன் எண் 60103. வர்ணம் அடர்ந்த பச்சை. உடம்பின் உறுப்புகள் எந்தக் காலத்தவையோ அந்தக் காலத்து எண்ணையே கொடுத்தார்கள். எனக்கு இது சரியென்றே படுகிறது. ஜனங்களுக்கு 4472-தான் பிரியம் என்பது வேறு விஷயம். நடுவில் 2011-ல் யுத்தகாலத்துக் கறுப்பு வர்ணத்தில் வெளியே காட்டியபோது, கூண்டின் ஒரு பக்கம் 502, மறுபக்கம் 103 என்று எழுதியிருந்தார்கள்! எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோமோ அந்த மாதத்து என்ஜின்.

1948-ஐப் பற்றிச் சொன்னேன். சர்க்காருக்கு அப்போது வந்து சேர்ந்தவை சுமார் இருபதாயிரம் நீராவி என்ஜின்கள். தெற்குக் கம்பெனியுடையவற்றுக்கு 30000, லண்டன் மிட்லண்டுக்கு 40000, லண்டன் வடகிழக்குக்கு 60000 என்று கூட்டிக்கொண்டு போனார்கள். தெற்குக் கம்பெனியில் புல்லைட் என்ற என்ஜினியர் 1941 முதல் ஒரு தனி வழி பிடித்திருந்தார். அவர் என்ஜின் எண் 21C1. முன்னால் இரண்டு அச்சு, பின்னால் ஒன்று, நடுவில் ஓட்டும் அச்சு மூன்று என்பதற்கு மூன்றாவது எழுத்தான 'ஸி', கடைசியில் வரிசை எண். கணிதப் பிரியர்களுக்கு ஆனந்தம்; கூட்டுவதற்கு வழியில்லை. அதையும் அழித்து 35001 என்றார்கள். கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியின் என்ஜின்களை மட்டும் ஒருவரும் தொடவில்லை. பக்திவிசுவாசம் ஒன்றும் காரணமில்லை. மற்றவர்கள் எண்ணை வர்ணத்தால் எழுதினார்கள். கிரேட் வெஸ்டர்னில் வார்ப்படத் தகட்டில் எழுந்து நிற்கும் எண்ணாக அடித்து ஆணி முடுக்கியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான தகடுகளை மறுபடி வார்ப்பதற்கு யார் பணம் கொடுப்பது? எண் அப்படியே நின்றது. இந்தத் தகட்டை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

(நம்மூரிலும் இந்த அழிப்பு நடந்திருக்கிறது. 1951 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு தினத்தில், தென்னிந்திய ரயில்வே, சென்னை தென் மராட்டா ரயில்வே, மைசூர் ரயில்வே மூன்றும் சேர்ந்து தென்னக ரயில்வே ஆயின. எஸ்.ஐ.ஆர். என்று வண்டிகளின்மேல் எழுதியிருந்ததில் நடு எழுத்து போயிற்று. அந்த எழுத்துக்களைச் சுரண்டிய கைகளைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!)

இனி மாறாட்டங்களுக்கு வருகிறேன்.

1933-ல் சிகாகோவில் 'நூற்றாண்டின் முன்னேற்றம்' என்று ஒரு பெரிய பொருட்காட்சி. லண்டன் மிட்லண்ட் கம்பெனி தன்னுடைய 'ராயல் ஸ்காட்' என்ஜினை, எண் 6100, ஒரு முழு ரயிலோடு அனுப்புவதாக அறிவித்தது. 1927-ல் கிளாஸ்கோவில் பிறந்த என்ஜின் அது. ஆனால் போனது அது அல்ல. 1930-ல் டெர்பி பட்டறையில் பிறந்த 6152, 'தி கிங்ஸ் டிராகூன் கார்ட்ஸ்மன்' என்ற நீண்ட பெயருடைய தம்பி. அண்ணனைவிட வயசு குறைந்தது. ஆகவே அதைத் தேர்ந்து, பெயர்த் தகட்டையும் எண்ணையும் மாற்றி, கப்பலேற்றிவிட்டார்கள். அமெரிக்க வழக்கப்படி முன்னால் ஒரு பெரிய விளக்கும் மணியும் பூட்டிக்கொண்டு, கனடாவிலும் அமெரிக்காவிலும் 11,000 மைலுக்கு மேல் சுற்றிற்று. திரும்பி வந்தபின் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்களா? கொடுக்கவே இல்லை. அமெரிக்கப் பயணத்தைக் குறிக்கும் ஒரு தகட்டையும் பெயருக்குக் கீழே பொருத்தினார்கள். நினைத்துப் பார்த்தால் அந்தத் தகடு சொல்வது நிஜம். அந்த இரும்புதானே அமெரிக்கா போய்வந்தது? மேலே இருந்த பெயர்தான் இரவல்.

கம்பெனிக்கு ருசி கண்டுவிட்டது. 1939-ல் நியூயார்க் உலகப் பொருட்காட்சி. இந்தத் தடவை அழைப்பு 'கொரோனேஷன்' என்ற 6220-க்கு. சாமான்யமான என்ஜினா அது? 1937 ஜூன் 29-ந் தேதி குரூ நகரை நெருங்கும்போது 114 மைல் வேகம் ஓடியது; காற்றைக் கிழிக்கும் உருவம்; நீலத்தில் வெள்ளிக் கோடுகள். அனுப்பினது 'டச்சஸ் ஆஃப் ஹாமில்டன்' என்ற 6229-ஐ. அதன் வர்ணம் சிவப்பு, தங்கக் கோடு. 'கொரோனேஷன்' என்று பெயர் மாட்டிக்கொண்டு சிவப்பு என்ஜின் அமெரிக்காவில் நின்றது. 'டச்சஸ்' என்று பெயர் மாட்டிக்கொண்டு நீல என்ஜின் இங்கிலாந்தில் ஓடியது. நியூயார்க்கில் அதைத் தொட்டுப் பார்த்த குழந்தைகள் 114 மைல் ஓடிய என்ஜினைத் தொட்டதாகவே சந்தோஷப்பட்டிருக்கும்.

செப்டம்பரில் யுத்தம் வந்தது. என்ஜினைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. அந்நிய நாட்டில், அந்நியப் பெயரில், பால்டிமோரில் அது காத்துக்கிடந்தது. 1942-ல்தான் ஊருக்குத் திரும்பிற்று. மறு வருஷம் இரண்டு என்ஜின்களும் அவரவர் பெயரைப் பெற்றுக்கொண்டன. குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில், இரும்புக்கும் ஆளுக்கும் பஞ்சம் வந்த காலத்தில், யாரோ ஒரு குமாஸ்தா பழைய காகிதத்தைத் தேடி எடுத்து, "இதற்கு இந்தப் பெயரல்ல" என்று ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும் அல்லவா? அந்த முகம் தெரியாத மனிதரிடம் எனக்கு மரியாதை உண்டு.

மூன்றாவது மாறாட்டம் இந்த இரண்டைப் போல விளம்பரத்துக்காக நடந்ததல்ல. 1952 பிப்ரவரி 6-ந் தேதி ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலமானார். 15-ந் தேதி உடலை லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனிலிருந்து விண்ட்ஸருக்கு ரயிலில் கொண்டுபோக வேண்டும். அதற்கென்று ஒரு என்ஜின் இருந்தது. 'விண்ட்ஸர் காஸில்', எண் 4082. 1924-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஸ்விண்டன் பட்டறையைப் பார்க்க வந்தபோது, மகாராணி மேரியும் கூட நிற்க, தம் கையாலேயே ஓட்டிய என்ஜின் அது. அதைச் சொல்லும் பித்தளைத் தகடுகள் கூண்டில் இருந்தன. 1936-ல் அவருடைய உடலை விண்ட்ஸருக்கு இழுத்துச் சென்றதும் அதே 4082. தகப்பனாருக்குச் செய்ததைப் பிள்ளைக்கும் செய்ய வேண்டும் என்பதுதானே முறை?

ஆனால் அந்த வாரம் 4082 ஸ்விண்டன் பட்டறையில் பிரித்துப் போட்டுக் கிடந்தது. சாவு காத்திருக்குமா? 'பிரிஸ்டல் காஸில்', 7013, தயாராக நின்றது. நான் ஞாபகத்தில் வைக்கச் சொன்ன தகடு இங்கேதான் வருகிறது. 1948-ல் எந்தத் தகடு இந்த என்ஜின்களின் எண்ணைக் காப்பாற்றியதோ, அதே தகடு 1952-ல் மாறாட்டத்தைச் சுலபமாக்கிவிட்டது. வர்ணத்தைச் சுரண்ட வேண்டியதில்லை; ஆணியைக் கழற்றினால் போதும். பெயர்த் தகடு, எண் தகடு, ராஜாவின் ஞாபகத் தகடு எல்லாம் 7013-க்குப் போயின. கறுப்புத் துணியும் ராஜ சின்னமும் தாங்கி அது மன்னரை இழுத்துச் சென்றது.

யாருக்கும் தெரியாது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் தண்டவாளத்தின் ஓரத்தில் நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக நின்று என்ஜின் எண்களைக் குறித்துக்கொள்ளும் ஒரு கூட்டம் அந்த நாட்டில் உண்டு. 4082 பிறந்தது 1924-ல். 7013 பிறந்தது 1948-ல். இருபத்துநாலு வருஷத்தில் பட்டறை எத்தனையோ சில்லறை மாறுதல்களைச் செய்திருந்தது. முகத்தையும் பக்கவாட்டையும் பார்த்த மாத்திரத்தில் அவர்கள் சொல்லிவிட்டார்கள்: இது விண்ட்ஸர் காஸில் அல்ல. பள்ளிக்கூடத்துப் பையன்கள்கூடக் கண்டுபிடித்திருக்கக்கூடிய விஷயம். தகடுகள் திரும்பவும் மாற்றப்படவில்லை. தந்தையை இழுத்த நிஜமான விண்ட்ஸர் காஸில் மிச்ச ஆயுள் முழுவதும் பிரிஸ்டல் காஸில் என்ற பெயரில் ஓடிற்று. தான் செய்த காரியம் தன் பேரில் இல்லாமல் போனவர்கள் மனிதர்களிலும் எத்தனையோ பேர்.

விளம்பரத்துக்குச் செய்த இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பணம் கொடுத்து டிக்கெட் வாங்கிப் பார்த்தவனை ஏமாற்றிய காரியம். இழவு வீட்டில் செய்த இந்த மாறாட்டத்தை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முறை தவறக்கூடாது என்ற தவிப்பில் செய்தது. ஆனால் காரியம் ஆனபின் திருப்பி மாட்டியிருக்கலாம். ஒரு மத்தியான வேலை!

முடிவைக் கேளுங்கள். 1960-களில் நீராவி என்ஜின்களை ஒழித்துக்கட்டியபோது, பில்லி பட்லின் என்ற விடுமுறைக் காம்ப் முதலாளி சில என்ஜின்களை வாங்கிக் கடற்கரையோரத்துத் தன் காம்ப்களில் குழந்தைகள் ஏறி விளையாட நிறுத்தினார். அவற்றில் ஸ்கெக்னஸுக்குப் போனது 'ராயல் ஸ்காட்'. மைன்ஹெட்டுக்குப் போனது 'டச்சஸ் ஆஃப் ஹாமில்டன்'. அதாவது அமெரிக்கா போன இரண்டு வேஷக்காரர்களும் பிழைத்துக்கொண்டார்கள், இன்றும் இருக்கிறார்கள். 1927-ல் பிறந்த உண்மையான 6100 தம்பியின் பெயரிலேயே உடைபட்டது. 114 மைல் ஓடிய உண்மையான கொரோனேஷனும் உடைபட்டது. விண்ட்ஸர் காஸில், பிரிஸ்டல் காஸில் இரண்டுமே எடைக்கு விற்கப்பட்ட இரும்பாயின. டச்சஸுக்காவது அவளுடைய சொந்தப் பெயர் 1943-ல் திரும்பியிருந்தது. ராயல் ஸ்காட்டைப் பார்க்கப் போகிறவர்கள் இன்றைக்கும் 6152-ஐத்தான் பார்க்கிறார்கள்.

பொம்மைக் கம்பெனிகள் இந்த விஷயத்தில் ரயில்வேக்குச் சளைத்தவை அல்ல. மெக்கானோவைக் கண்டுபிடித்த ஃபிராங்க் ஹார்ன்பியின் கம்பெனி, 1920-களின் கடைசியில், தகரத்தால் ஒரே ஒரு உடம்பை அடித்து, அதன்மேல் நாலு வர்ணம் பூசி, நாலு பெயரும் நாலு எண்ணும் எழுதி விற்றது: ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் 4472, ராயல் ஸ்காட் 6100, கேர்ஃபில்லி காஸில் 4073, லார்ட் நெல்ஸன் 850. நிஜத்தில் இந்த நாலும் நாலு கம்பெனியுடைய நாலு விதமான பெரிய என்ஜின்கள். நாலுக்கும் ஓட்டும் சக்கரம் ஆறு. தகர என்ஜினுக்கு நாலு! பையன்கள் ஒருவரும் வழக்குப் போடவில்லை. அதே கம்பெனி 1938-ல் வெளியிட்ட சிறிய ரகத்தில் 'ஸர் நைஜல் கிரெஸ்லி' என்ஜினுக்கு 4498 என்று போட்டது. யுத்தம் முடிந்து மறுபடி விற்கத் தொடங்கியபோது, நிஜ என்ஜினுக்கு தாம்ஸன் புது எண் கொடுத்துவிட்டாரே என்று 7 ஆக்கிற்று. இன்று பழம்பொருள் சேகரிக்கிறவர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகத் தேடுகிறார்கள். அவர்களிடம் நம்பரை அழிக்கும் கட்சிக்காரர்களைப் பற்றிப் பேசிவிடக் கூடாது. கம்பெனி போட்ட எண்ணைச் சுரண்டினால் பொருளின் மதிப்பே பாதியாகிவிடும் என்பார்கள். ஒரு கட்சிக்கு எண் கம்பெனியின் கையெழுத்து. மற்றக் கட்சிக்கு அது கம்பெனியின் பிழை.

சிங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1956-ல் பிரிட்டிஷ் ரயில்வே தன் என்ஜின்களுக்கு ஒரு புதுச் சின்னம் வாங்கிற்று: கிரீடத்திலிருந்து எழுந்து சக்கரத்தைப் பிடித்திருக்கும் சிங்கம். என்ஜின் போகும் திசையை இரண்டு பக்கத்திலும் சிங்கம் பார்க்க வேண்டும் என்று, ஒரு பக்கத்துக்கு இடப்புறம் பார்க்கும் சிங்கம், மறுபக்கத்துக்கு வலப்புறம் பார்க்கும் சிங்கம் என்று அடித்தார்கள். விருதுச் சின்னங்களைப் பரிபாலிக்கும் ராஜாங்க சபை ஆட்சேபித்தது. அவர்கள் அனுமதித்தது இடப்புறம் பார்க்கும் சிங்கத்தைத்தான். சில வருஷங்களில் வலப்புறச் சிங்கம் மறைந்தது. ஆகவே எண்ணை மாற்றுகிறவர் சிங்கத்தின் முகம் எந்தப் பக்கம் என்பதற்கும் தேதி பார்த்தாக வேண்டும்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். ரயில்வே பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். லண்டனில் இருக்கும் பிள்ளை அவ்வப்போது மாதிரி என்ஜின்கள் அனுப்புகிறான். இந்தக் கலையை எனக்கு விளக்கியவர் அவர்தான். எண்ணே அச்சிடாமல் வெறும் உடம்பாகவும் சில கம்பெனிகள் விற்கின்றனவாமே, அதை வாங்கினால் இந்தச் சிரமம் இல்லையே என்று கேட்டேன். "அழிக்க ஒன்றும் இல்லாவிட்டால் அப்புறம் நான் எதைப் படிப்பேன்?" என்றார்.

அவரிடம் காஸில் வகையில் இரண்டு மாதிரிகள் இருக்கின்றன. ஒன்று 1924-ம் வருஷத்து உருவம், மற்றது 1948-ம் வருஷத்து உருவம். மன்னரின் கடைசி ரயிலை வைக்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. பழைய உருவத்தில் 4082 என்று போட்டிருந்தால் உலகம் ஒப்புக்கொண்டிருக்கும். அவர் புதிய உருவத்தை எடுத்து, நாலு ராத்திரி உட்கார்ந்து அதன் எண்ணை அழித்து, பித்தளையில் அரித்தெடுத்த மெல்லிய 4082 தகட்டை ஒட்டியிருக்கிறார். பழைய உருவத்துக்கு 7013. அருகில் போய்ப் பார்த்தேன். தகட்டின் ஓரம் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. பசை போதவில்லை போலிருக்கிறதே என்றேன்.

"வேண்டுமென்றுதான் கொஞ்சமாக வைத்தேன். 1951-ஐ ஓட்ட வேண்டுமென்றால் கழற்ற வேண்டாமா?" என்றார்.